வீட்டுத் தோட்டத்தில் பூண்டு: குளிரில் தொடங்கும் பயிர்

வீட்டில் பூண்டு நட்டுப் பார்த்தவர்களில் பலர் ஒரே வகையான ஏமாற்றத்தைச் சந்தித்திருப்பார்கள். பல் முளைக்கிறது, தாள் பசுமையாக நீள்கிறது, மூன்று நான்கு மாதங்களுக்கு எல்லாம் நன்றாகவே நடப்பதாகத் தோன்றுகிறது. கடைசியில் மண்ணைக் கிளறினால், பற்களாகப் பிரியாத ஒற்றை உருண்டை ஒன்று மட்டும் கையில் வருகிறது. சில செடிகளில் அந்த உருண்டைகூட இல்லாமல், அடித்தண்டு சற்றே தடித்திருக்கும். உடனே மண்ணைக் குறை சொல்கிறோம், அடுத்த முறை உரத்தைக் கூட்டுகிறோம், தண்ணீரைக் கூட்டுகிறோம். பெரும்பாலும் பிழை அங்கே இருப்பதில்லை. நட்ட பல் தேவையான குளிரைப் பெறவில்லை என்பதே காரணம்.

இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால் பூண்டு வளர்ப்பில் மற்ற எல்லாமே எளிதாகிவிடும் என்பதால், செய்முறைக்குப் போகுமுன் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பூண்டின் தொன்மையான தாயகம் மத்திய ஆசியா. கடுங்குளிர் காலமும், அதைத் தொடர்ந்து பகல் நீளும் வசந்தமும், பிறகு வறண்ட கோடையும் மாறி மாறி வரும் நிலம் அது. அந்தப் பருவச் சுழற்சியே செடியின் இயல்பாக இன்றும் தங்கியிருக்கிறது. நாம் பயிரிடும் பூண்டு பொதுவாக விதை வைப்பதில்லை. பல்லிலிருந்து பல்லாகவே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே ஒரு பல்லை நடும்போது நாம் புதிய செடி ஒன்றை உருவாக்கவில்லை, பழைய செடியின் ஒரு துண்டையே தொடர்ந்து வளர்க்கிறோம். அந்தத் துண்டு, சுமார் 10 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் ஆறு முதல் எட்டு வாரங்கள் இருந்தால்தான் பின்னாளில் பற்களாகப் பிரியும் ஆயத்தத்தைப் பெறுகிறது. அதன் பிறகு பகற்பொழுது 12, 13 மணி நேரத்தைக் கடந்து நீளும்போதும், வெப்பம் ஏறும்போதும், இலைகளின் கக்கத்திலுள்ள மொட்டுகள் பருக்கத் தொடங்குகின்றன. அந்த மொட்டுகள்தான் பற்கள். குளிர் கிடைக்காத செடியில் கக்கத்து மொட்டுகள் விழிப்பதில்லை. சேர்த்த உணவு முழுவதும் நடுவிலுள்ள ஒரே குருத்தில் திரண்டு ஒற்றைப் பூண்டாகிறது.

இன்னொரு செய்தியும் இதோடு சேர்ந்தது. குமிழ் பருக்கத் தொடங்கிய பிறகு செடி புதிய இலைகளைப் பெரிதாக விடுவதில்லை. அதற்கு முன்பு எத்தனை இலைகள் வளர்ந்திருக்கின்றனவோ அத்தனை இலைகளின் உழைப்பே குமிழின் எடையைத் தீர்மானிக்கிறது. எனவே பயிரின் முதல் பாதி முழுவதும் இலை சேர்க்கும் காலம், பின்பாதி முழுவதும் அதைக் குமிழாக மாற்றும் காலம். நடவு தாமதமானால் முதல் பாதி சுருங்கிவிடும். பின்பாதியில் எவ்வளவு உரம் இட்டாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

எப்போது நடுவது

குளிர்காலத்தில் நிலம் உறையும் இடங்களில் இலையுதிர் காலமே சரியான பருவம். மண் உறைவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன் நட்டால், பல் வேர் பிடித்துக்கொண்டு, முளை அதிகம் வெளியே நீளாமல் குளிர்காலத்தைக் கழிக்கும். தேவையான குளிர் மண்ணிலேயே கிடைத்துவிடும். இத்தகைய இடங்களில் நடவிலிருந்து அறுவடை வரை எட்டு, ஒன்பது மாதங்கள்கூட ஆகலாம். குளிர்காலம் இதமாக மட்டும் இருக்கும் இடங்களில், ஆண்டின் குளிர்ந்த பருவம் தொடங்கும்போதே நட்டுவிட வேண்டும். பயிர்க்காலம் நான்கு மாதங்கள், சில வகைகளுக்கு ஐந்து மாதங்கள். பூண்டு நன்றாக இலை விடுவது 12 முதல் 24 பாகை வரையிலான வெப்பநிலையில் என்பதால், நம் பகுதியில் அந்த அளவு வெப்பம் நிலவும் மாதங்கள் எவை என்று எண்ணி, அவற்றின் முதல் வாரத்திலேயே பல் மண்ணுக்குள் இருக்கும்படி திட்டமிடுவது நல்லது. கடும் வெயில் தொடங்கிவிட்டால் செடி முற்றத் தொடங்கும்; அதைத் தடுத்து நிறுத்த எந்த உத்தியும் இல்லை.

வகையும் விதைப் பல்லும்

பூண்டில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று, நடுவில் கெட்டியான பூந்தண்டு விடுவது. இதில் பற்கள் குறைவாகவும் பெரிதாகவும், தண்டைச் சுற்றி ஒரே வட்டமாக அமைந்திருக்கும். தோல் எளிதில் உரியும், மணம் அழுத்தமாக இருக்கும், ஆனால் நெடுநாள் இருப்பு வைக்க முடியாது. மற்றொன்று, பூந்தண்டு விடாமல் கழுத்து மென்மையாக இருப்பது. இதில் பற்கள் பல அடுக்குகளாக, உட்புறம் போகப்போகச் சிறுத்துக்கொண்டு போகும். இருப்புத் திறனில் இதுவே மேலானது. பூந்தண்டு விடும் வகைகளுக்குக் குளிர்த் தேவை அதிகம், விடாத வகைகள் இதமான குளிரிலும் ஓரளவு ஒத்துழைக்கும். ஆகவே வெப்பமான பகுதியில் முதன்முறை முயல்பவர்கள் மென்கழுத்து வகையிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை என்பது என் கருத்து. எந்த வகையானாலும், நம் பகுதியிலேயே விளைந்ததாகத் தெரிந்த பூண்டு கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. ஏனெனில், அது அந்தப் பகுதியின் பகல் நீளத்துக்கும் குளிருக்கும் ஏற்கெனவே பழகியது.

சமையலுக்கு வாங்கிய பூண்டை நடலாமா என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. நடலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. விற்பனைக்கு வரும் பூண்டில் ஒரு பகுதி, முளைப்பதைத் தடுக்கும் மருந்து தெளிக்கப்பட்டோ கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டோ வந்திருக்கலாம். அது முளைக்காது, முளைத்தாலும் நோஞ்சானாகவே நிற்கும். மேலும், சமையலுக்கு விற்பவர்கள் நோய் இருக்கிறதா என்று பார்த்து விற்பதில்லை. பூண்டின் கொடிய நோய்களில் சில ஒரே ஒரு பல்லின் வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்து, பல ஆண்டுகள் மண்ணில் தங்கிவிடும். விதைக்கென்று விற்கப்படும் பூண்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது முதல் ஆண்டுக்கு மட்டுமே. அதன் பிறகு நம் விளைச்சலே நமக்கு விதை.

முழுப்பூண்டைக் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கல்போல இறுகியிருக்க வேண்டும். அடித்தட்டில் பூசணமோ பழுப்பு நிற அழுகலோ இருக்கக் கூடாது. அதில் வெளிவட்டத்திலுள்ள பருத்த பற்களை மட்டும் விதைக்கு எடுத்துக்கொண்டு, உள்ளேயுள்ள மெல்லிய பற்களைச் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள். நட்ட பல்லின் பருமனுக்கும் விளையும் குமிழின் பருமனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 4 கிராமுக்குக் குறையாத பற்கள் நல்ல பலன் தரும். சிறிய பல்லையும் வீணாக்க வேண்டாமே என்று நடுவது சிக்கனம்போலத் தோன்றும், ஆனால் பெரிய பல் பிடிக்கும் அதே இடத்தைச் சிறிய பல்லும் பிடித்துக்கொண்டு பாதி எடையைத்தான் திருப்பித் தரும்.

நடவுக்கு முன் குளிரூட்டுதல்

இயற்கையான குளிர் போதாத பகுதியில் வாழ்பவர்கள் தவிர்க்கக் கூடாத வேலை இது. விதைப் பூண்டைப் பற்களாகப் பிரிக்காமல், முழுதாகவே ஒரு காகிதப் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஆறு முதல் எட்டு வாரங்கள் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்தால் பல்லின் உயிரணுக்கள் சிதைந்து, வெளியே எடுத்ததும் அழுகிவிடும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் தேங்கிப் பூசணம் பிடிக்கும். பையின் மேல் வைத்த நாளையும் எடுக்க வேண்டிய நாளையும் எழுதிவிடுவது நல்லது, ஏனென்றால் எட்டு வாரம் என்பது மறந்துபோக வாய்ப்புள்ள நீண்ட காலம். வாரத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து, மென்மையாகிவிட்ட பூண்டு ஏதேனும் இருந்தால் அகற்றிவிடுங்கள்.

வெளியே எடுத்த பிறகு காத்திருக்கக் கூடாது. குளிரிலிருந்து வெளியே வந்த பல் உறக்கம் கலைந்த நிலையில் இருப்பதால் விரைவாக முளைவிடும். ஆகவே பாத்தியைத் தயாராக வைத்துக்கொண்டு, அதன் பிறகே பூண்டை வெளியே எடுக்க வேண்டும். அதோடு, குளிரூட்டிய பல்லைக் கொதிக்கும் மண்ணில் நட்டால் பெற்ற குளிரின் பயன் குறைந்துவிடும். எனவே நடவு நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பகலின் கொதிப்பு தணிந்து மண் குளிரத் தொடங்கும் வாரத்தில் குளிரூட்டும் காலம் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் மாதக்கணக்கில் குளிரில் விட்டுவைப்பதும் தவறு. செடி போதுமான இலைகளைச் சேர்க்குமுன்பே குமிழ் கட்டத் தொடங்கிவிடும், பக்க முளைகள் விட்டு உருக்குலையவும் கூடும்.

இடமும் மண்ணும்

நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். நிழலில் தாள் கிடைக்கும், குமிழ் கிடைக்காது. மண் பொலபொலப்பாகவும் தண்ணீர் தேங்காததாகவும் இருக்க வேண்டும்; களிமண்ணாக இருந்தால் குமிழ் பருக்க முடியாமல் நசுங்கி, தோண்டும்போது தோல் கிழிந்து வெளியே வரும். அத்தகைய மண்ணில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, மக்கிய உரத்தைத் தாராளமாகக் கலந்துகொள்வதே வழி. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ நன்கு மக்கிய தொழுவுரமோ இலைமக்கோ போதுமானது. மக்காத பச்சைச் சாணத்தை இடவே கூடாது. களை விதைகளையும் அழுகல் நோய்களையும் கூடவே கொண்டுவரும்.

மண்ணின் கார அமில அளவு 6 முதல் 7 வரை இருப்பது பூண்டுக்கு ஏற்றது. அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் நடவுக்குச் சில வாரங்கள் முன்பே சுண்ணாம்பு கலக்கலாம். பூண்டின் மணத்துக்கும் காரத்துக்கும் கந்தகச் சேர்மங்களே அடிப்படை என்பதால், கந்தகம் குறைந்த மண்ணில் விளைந்த பூண்டு சுவையிலும் சற்று மந்தமாகவே இருக்கும். சிறிதளவு ஜிப்சம் கலப்பது மண்ணின் கார அமில அளவை மாற்றாமலேயே கந்தகத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் தரும்.

பூண்டு, வெங்காயம், வெங்காயத்தாள் போன்ற தடித்த தண்டுள்ள லீக் ஆகியவை ஒரே குடும்பம். அவை வளர்ந்த பாத்தியில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மறுபடி பூண்டு நடக் கூடாது.

நடவு

நடவு நாளன்றோ அதற்கு முதல்நாளோ முழுப்பூண்டைப் பற்களாகப் பிரியுங்கள். வாரக்கணக்கில் முன்கூட்டியே பிரித்துவைத்தால், வேர் புறப்பட வேண்டிய அடித்தட்டு காய்ந்துவிடும். பல்லின் மேல்தோலை உரிக்க வேண்டாம். அதுவே பல்லுக்குக் கவசம். வேர் விடும் தட்டையான பக்கம் கீழே, கூரான பக்கம் மேலே இருக்கும்படி நட வேண்டும். தலைகீழாக நட்டாலும் முளை வளைந்து மேலே வந்துவிடும் என்றாலும், கழுத்து கோணலாகிக் குமிழும் கோணலாகவே அமையும்.

பல்லின் நுனிக்கு மேல் 3 முதல் 5 சென்டிமீட்டர் மண் மூடியிருந்தால் போதும். நிலம் உறையும் இடங்களில் இதை 5 முதல் 8 சென்டிமீட்டராக ஆழப்படுத்திக்கொள்ளலாம். வரிசையில் பல்லுக்குப் பல் 10 முதல் 15 சென்டிமீட்டரும், வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இடைவெளி தர வேண்டும். 15க்கு 20 என்ற கணக்கில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 30 செடிகள் நிற்கும். விரலால் குழிபோட்டுப் பல்லை அழுத்தித் திணிக்காமல், சிறு குச்சியால் குழி எடுத்து, பல்லை வைத்து, மண்ணை மேலே தளர்வாகத் தள்ளி மூடுவதே முறை. அழுத்தினால் அடித்தட்டு காயப்படும், அடியிலுள்ள மண்ணும் இறுகும். நட்டதும் பூவாளியால் ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டு, வைக்கோலையோ உலர்ந்த இலைச் சருகையோ 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். பூண்டுத் தாள் அதை எளிதில் துளைத்துக்கொண்டு மேலே வரும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாத தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டியில் ஐந்து பற்கள் போதும். பத்துப் பற்களை நெருக்கி நட்டால் பத்துக் குமிழ்கள் வராது. தொட்டி மண் வேகமாகச் சூடேறுவதாலும் வேகமாக உலர்வதாலும், மூடாக்கு தரையைவிடத் தொட்டிக்கே அதிகம் தேவை.

வளரும் காலத்துப் பராமரிப்பு

முளை வெளிவர ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகலாம். அதற்கு முன்பே வேர் கீழே இறங்கியிருக்கும் என்பதால், பொறுமையிழந்து தோண்டிப் பார்க்கக் கூடாது. பூண்டின் வேர் ஆழமாகப் போவதில்லை. பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். எனவே நீண்ட இடைவெளி விட்டு வெள்ளமாகப் பாய்ச்சுவதைவிட, மேல்மண் காய்ந்துவிடாதபடி அளவாகப் பாய்ச்ச வேண்டும். வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்பது பொதுவான அளவு. மழை பெய்த வாரத்தில் குறைத்துக்கொள்ளலாம், மணற்பாங்கான மண்ணில் அதை இரண்டு மூன்றாகப் பிரித்துப் பாய்ச்சலாம். காலையில், தாளை நனைக்காமல், அடியில் ஊற்றுவது நோயைத் தடுக்கும்.

பூண்டின் தாள் குறுகலாகவும் நிமிர்ந்தும் வளர்வதால் தரைக்கு நிழல் தருவதில்லை; அந்த வெற்றிடத்தைக் களைகள் உடனே பிடித்துக்கொள்ளும். காய்கறிகளில் களையோடு போட்டியிட மிகவும் இயலாத பயிர்களில் பூண்டும் ஒன்று. மூடாக்கு பெருமளவு தடுத்துவிடும். மீறி வருவதைச் சிறிதாக இருக்கும்போதே கையால் பிடுங்குங்கள். களைக்கொத்தியை ஆழமாக இறக்கினால் மேலாகப் பரவியுள்ள வேர் அறுபடும்.

உரத்தில் காலமே முக்கியம். செடியில் மூன்று, நான்கு இலைகள் வந்ததும் மண்புழு உரத்தையோ பிண்ணாக்குக் கரைசலையோ ஒருமுறை கொடுத்து, மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை கொடுங்கள். குமிழ் கட்டத் தொடங்கியது தெரிந்ததும் தழைச்சத்து தரும் எதையும் நிறுத்திவிட வேண்டும். அந்தக் கட்டத்தில் மேலும் தழைச்சத்து கொடுத்தால், உருவாகிக்கொண்டிருக்கும் பற்களே முளைவிட்டு, ஒரு செடி கொத்தாகப் பல தாள்களை விடும். குமிழ் இறுகாது, இருப்பு நிற்காது. செடி பசுமையாகத் தழைத்து நிற்பதைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் உரமிடக் கை நீளத்தான் செய்யும். அப்போது கட்டுப்படுத்திக்கொள்வதே செடிக்குச் செய்யும் உதவி. குமிழ் கட்டுவதை அறிய, தாளின் அடியில் மண்ணை விரலால் மெல்ல விலக்கித் தொட்டுப் பார்த்து, மறுபடி மூடிவிடலாம்.

பூந்தண்டு விடும் வகையாக இருந்தால், நடுவிலிருந்து உருண்டையான தண்டு ஒன்று எழுந்து, நுனியில் மொட்டுடன் வளையம்போலச் சுருளும். ஒரு சுற்றுச் சுருண்டதும் அதைக் கிள்ளிவிட வேண்டும்; இல்லையென்றால் குமிழுக்குப் போக வேண்டிய உணவை அது பங்கிட்டுக்கொள்ளும். கிள்ளிய தண்டு சமையலுக்கு உகந்தது. ஓரிரு தண்டுகளை மட்டும் விட்டுவைத்தால் நுனியில் அரிசிமணி அளவிலிருந்து கடலை அளவு வரையிலான சிறு குமிழிகள் கொத்தாக உருவாகும். அவற்றை நட்டு முழுப்பூண்டாக்க இரண்டு, மூன்று பருவங்கள் ஆகும். ஆனால் மண்ணைத் தொடாமல் உருவானவை என்பதால் மண்வழி நோய்கள் அவற்றில் தொற்றியிருப்பதில்லை. விதைச் சரக்கைத் தூய்மைப்படுத்த விரும்புவோருக்கு இது நல்ல வழி.

பூச்சியும் நோயும்

பூண்டைத் தாக்கும் பூச்சிகளில் முதலிடம் இலைப்பேனுக்கு. தாளில் வெள்ளிக் கோடுகள் கீறியதுபோலத் தெரிந்தால், தாளின் மடிப்புக்குள் ஊசிமுனை அளவில் மஞ்சள் நிறப் பூச்சிகள் நகர்வதைக் காணலாம். வறண்ட வெப்பத்தில்தான் இவை பெருகும். தொடக்கத்திலேயே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவதும், தேவைப்பட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிதளவு சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிப்பதும் வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமானவை. குருத்தின் இடுக்கு வரை கரைசல் இறங்க வேண்டும். மேலோட்டமாகத் தெளித்தால் பயனில்லை.

ஈரமும் வெப்பமும் சேர்ந்த நாட்களில் தாளில் வெளிறிய புள்ளி தோன்றி, நடுவில் ஊதாவாகி, மஞ்சள் விளிம்போடு நீளும். அது ஊதா இலைப்புள்ளி நோய். பாதிக்கப்பட்ட தாள்களை நறுக்கி அப்புறப்படுத்திவிட்டு, செடிகளுக்கிடையே காற்றோட்டத்தைக் கூட்டினால் பரவுவது குறையும். ஆரஞ்சு நிறத் துரு நோயும் ஏறத்தாழ இதே கவனிப்பில் அடங்கும்.

அஞ்ச வேண்டியது வெள்ளை அழுகல் நோய்க்கு. தாள் மஞ்சளாகிச் சாய்ந்து, குமிழின் அடியில் பஞ்சுபோன்ற வெண்பூசணமும் அதற்குள் கடுகைவிடச் சிறிய கறுப்பு மணிகளும் காணப்பட்டால், அந்தக் கறுப்பு மணிகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு இருக்கக்கூடியவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குளிர்ந்த ஈர மண்ணில்தான் இது பெருகும். நோயுற்ற செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அகற்றுங்கள். மக்கு உரக் குழியில் போடாதீர்கள். பயன்படுத்திய கருவிகளைக் கழுவுங்கள். அந்தப் பாத்தியில் இனி வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த எதையும் நட வேண்டாம். குருத்து உருக்குலைந்து, அடி வீங்கி வெடிப்பது நூற்புழுவின் அடையாளம். அதற்கும் இதே கண்டிப்பு வேண்டும். தாளில் நெடுக மஞ்சள் கோடுகள் ஓடினால் நச்சுயிரித் தாக்குதலாக இருக்கலாம். அத்தகைய செடியின் பூண்டை உண்பதில் தீங்கில்லை, ஆனால் அதிலிருந்து ஒரு பல்லைக்கூட விதைக்கு எடுக்கக் கூடாது.

அறுவடை

பூண்டில் ஒவ்வொரு பச்சைத் தாளும் குமிழைச் சுற்றியுள்ள ஒரு தோலடுக்கோடு தொடர்ந்திருக்கிறது. தாள் காயும்போது அதற்குரிய தோலும் மெலிந்து சிதையத் தொடங்குகிறது. அறுவடை நாளைத் தீர்மானிக்கும் கணக்கு முழுவதும் இந்த உண்மையிலேயே இருக்கிறது. கீழ்த்தாள்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை காய்ந்து, மேலே ஐந்து, ஆறு தாள்கள் பச்சையாக இருக்கும் நாளே ஏற்ற நாள்; அப்போது குமிழும் முற்றியிருக்கும், அதைக் காக்க ஐந்தாறு தோலடுக்குகளும் மிஞ்சியிருக்கும். வெங்காயத்தைப்போலத் தாள் முழுவதும் சாய்ந்து காயும்வரை காத்திருப்பது பூண்டில் பெரும் தவறு. அதற்குள் தோல் அழுகி, பற்கள் மண்ணுக்குள்ளேயே விரிந்து பிரிந்துவிடும். ஐயமாக இருந்தால் ஒரு செடியை மட்டும் தோண்டிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பற்கள் தோலுக்குள் நிறைந்து, தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் மற்றவற்றையும் எடுக்கலாம்.

அதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். தோண்டும்போது தாளைப் பிடித்து இழுக்காமல், செடிக்குச் சற்றுத் தள்ளி முள்கரண்டியையோ மண்வெட்டியையோ இறக்கி, அடியிலிருந்து நெம்பித் தூக்குங்கள். எடுத்த பூண்டைத் தரையில் எறிவதோ, மண் போகத் தட்டுவதோ கூடாது. புதிய பூண்டு மிகவும் மென்மையானது. இன்று பட்ட அடி இரண்டு மாதம் கழித்து அழுகலாகத் தெரியும். தண்ணீரில் கழுவவும் வேண்டாம்.

உலர்த்தலும் இருப்பும்

தோண்டிய பூண்டை வேரும் தாளும் அப்படியே இருக்க, பத்துப் பத்தாகக் கட்டி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். அல்லது வலைத்தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். நேர் வெயிலில் காயவைத்தால் பற்கள் வெந்து, கண்ணாடிபோல நிறம் மாறும். காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் வெளித்தோல் சருகாகிச் சலசலக்கும்; கழுத்தை நறுக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்காது. அதன் பிறகே கழுத்தை 2, 3 சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, வேரையும் ஒட்டக் கத்தரிக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு நறுக்கினால், அந்த வெட்டுவாய் வழியாகவே பூசணம் உள்ளே இறங்கும். மென்கழுத்துப் பூண்டைத் தாளோடு பின்னித் தொங்கவிடவும் செய்யலாம்.

உலர்ந்த பூண்டைக் காற்று புகும் கூடையிலோ வலைப்பையிலோ, அறை வெப்பத்தில், ஈரமற்ற இடத்தில் வையுங்கள். சமையலுக்கான பூண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் சேமிக்க வேண்டாம் என்பதற்குக் காரணத்தை இப்போது எளிதில் ஊகிக்கலாம்: நடவுக்கு முன் எந்தக் குளிர் பல்லின் உறக்கத்தைக் கலைக்கிறதோ, அதே குளிர்தான் இருப்பிலுள்ள பூண்டையும் முளைக்கச் செய்கிறது. விளைச்சல் மிகுந்துவிட்டால் பற்களை உரித்து எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பதைச் சிலர் விரும்புவார்கள், அது ஆபத்தானது. காற்றில்லாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரக்கூடும், அதை மணத்தாலோ சுவையாலோ கண்டறிய முடியாது. மிகுந்த பூண்டை மெல்லியதாகச் சீவி உலர்த்தி வைப்பது பாதுகாப்பானது.

அடுத்த பருவத்துக்கான விதையைச் சமையலறை காலி செய்வதற்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், விளைந்தவற்றுள் ஆகப் பெரியவற்றை, நோயின் தடம் இல்லாதவற்றைத் தனியே கட்டி, நாள் குறித்து வையுங்கள். நல்லதைத் தின்றுவிட்டு மிஞ்சிய சிறியதை நட்டால், பருவத்துக்குப் பருவம் குமிழ் சிறுத்துக்கொண்டே போகும்.

இத்தனைக்குப் பிறகும் சில செடிகள் ஒற்றைப் பூண்டாகவே வந்து நின்றால், அவற்றை வீண் என்று ஒதுக்க வேண்டாம். பிரியாத அந்த உருண்டை, ஒரு பெரிய விதைப் பல்லுக்குச் சமம். மற்றவற்றோடு சேர்த்து உலர்த்தி, உரிய காலத்தில் எட்டு வாரம் குளிரூட்டி, அடுத்த நடவில் முழுதாகவே நட்டுவிடுங்கள். இம்முறை அது பற்களாகப் பிரியும்.